இருபத்துமூன்றாம் நம்பர் நத்தை

உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நாட்டை ஆள்கிறவர்கள் உண்டு, விண்வெளிக்குப் போய்த் திரும்பியவர்கள் உண்டு, ஒரே மூச்சில் நூறு படி ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் ஒரு நத்தையைப் பார்த்த மாத்திரத்தில் 'இது இருக்கு', 'இது போயிடுச்சு' என்று சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூமண்டலத்தில் ஒருத்திதான். சூரிய சந்திரரைச் சாட்சிக்கு அழைத்தாலும் இதை மறுக்க முடியாது. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மாமேதை பின்னறைத் தரையில் குப்புறப் படுத்து, பின்னல் நுனியைப் பல்லில் கடித்தபடி, முட்டை அட்டைக்குள் எட்டிப் பார்த்து, "என்னடா கண்ணு, ஒரே வாரத்துல இப்படி எளச்சுட்டே?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பதால் வந்த பெயர். மாடி வீட்டு அத்தைக்கு இதில் இன்றுவரை தெளிவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள்.

"டாக்டரம்மா, இத கொஞ்சம் பாரேன். மடக்கவே முடியல."

"அத்தை, நான் நத்தைக்குத்தான் டாக்டர். அதுவும் இன்னும் ஆகல."

"நத்தைக்கு மூட்டே கெடையாதே. அதுக்கு ஏழு வருஷமா என்னதான் வைத்தியம் பாக்கற?"

பதில் சொல்லி மாளாது என்று அக்கா தைல டப்பாவைத் திறந்து அத்தையின் முழங்காலை நீவிவிடுவாள். வலி குறைந்துவிட்டதாக அத்தை சொன்னால் அதையும் நம்பமாட்டாள். "நாளைக்கும் கொறையுதான்னு பாப்போம்" என்பாள்.

இதுதான் அவளுடைய தாரக மந்திரம்: மறுபடி வரட்டும், அப்புறம் நம்பறேன். பஸ் ஒருநாள் நேரத்துக்கு வந்தால், மறுபடி வரட்டும். அம்மாவின் சமையல் நன்றாக அமைந்தால், மறுபடி வரட்டும். பெண் பார்க்க வந்த ஒருத்தன் அவள் கண் அழகாக இருக்கிறது என்று சொன்னபோதும் அதையேதான் சொன்னாள். அவன் மறுபடி வரவில்லை.

அவள் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்று வறண்டுவிட்டால் நத்தை ஓட்டுக்குள் போய், வாசலில் காகிதம் போல ஒரு திரையை ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும். தின்னாது, குடிக்காது, அசையாது. அப்படி எத்தனை மாதம் தாங்கும், எவ்வளவு எடை குறைந்தால் பிறகு எழுந்திருக்காது என்பதுதான் அக்காவின் கேள்வி. கேள்வி சின்னது. பதிலுக்குத்தான் ஆயுள் வேண்டும். நாற்பது நத்தைகளைப் பிடித்து, எல்லாவற்றுக்கும் ஒரே முகமாக இருந்ததால் முதுகில் நெயில் பாலிஷால் நம்பர் போட்டாள். பல்கலைக்கழகத்தில் அவள் துறைக்குக் கொடுத்த அறையில் சுவர் ஓதம் காத்தது. அந்த ஈரத்துக்கு நத்தைகள் எழுந்துவிடும். அதனால் ஆராய்ச்சி கைடின் அனுமதியோடு வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். அங்கே மின்விசிறி ஓடாது. ஈரத் துணி காயாது. யாராவது தும்மினால் முறைப்பாள்.

அப்பா ஊர் எல்லையில் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறார். பத்து டன், பதினாறு டன் என்று நாளெல்லாம் லாரிகளை நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மூத்த மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினோரு கிராம் நத்தையை நிறுப்பதைக் கதவோரம் நின்று பார்ப்பார். "நம்ம பரம்பரைக்கே தராசுதான் போல" என்று அவருக்கு ஒரு பெருமை. ஒருநாள் டீக்கடையில் நாலு டிரைவர்களிடம், நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும், என் வயிற்றில் விஞ்ஞானி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் செய்தி வந்தது. "பத்து மாசம் சொமந்தது இவராமா?" என்று தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

இந்த வீட்டில் சின்னவள் என்று ஒருத்தியும் உண்டு. பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் சேர்ந்து காலை வாரிவிட்டதால் படிப்பு பாதியில் நிற்கிறது. அத்தையின் செருப்பை ஜோடி மாற்றி வைப்பது, அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் மை தடவுவது போன்ற சமூகப் பணிகளில் பொழுது போகிறது. நெயில் பாலிஷ் பாட்டில் அவளுடையது. நத்தை முதுகில் நம்பர் மங்கினால் மேல்பூச்சுப் பூசுவதும் அவள் வேலை. அவளைப் பற்றி இதற்கு மேல் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அக்காவோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. ஒருவனுக்கு வங்கி வேலை கிடைத்தது. ஒருவன் கைடோடு சண்டை போட்டான், ஒருவன் கைடே இல்லாமல் இரண்டு வருஷம் காத்திருந்தான். இன்னொருத்தியின் அம்மா படுக்கையில் விழுந்தாள். ஆறாவது ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிடப் போகிறேன் என்று எழுந்து போனான். அவன் குடை இன்னும் துறை வராந்தா ஆணியில் தொங்குகிறது. அவன் ஏன் போனான் என்று கேட்டால் துறையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவனைத் தேடிப்போய்க் கேட்டவர்கள்தான் யாரும் இல்லை. மழை நாளில் எல்லோரும் அந்தக் குடையைப் பார்ப்பார்கள், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். ஏழாவது ஆள் அக்கா. போன வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அவளும் போய்விடுவதாக இருந்தது.

அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

நாற்பது நத்தைகள் தூங்கத் தொடங்கி ஒன்பதாவது மாதம். வரிசையாகப் போக ஆரம்பித்தன. ஒரே மாதத்தில் பதினொன்று. அக்கா ஒவ்வொரு திங்களும் நோட்டில் ஒரு நம்பருக்கு எதிரே சின்ன வட்டம் போடுவாள். செத்துவிட்டது என்று எழுதமாட்டாள். ஒரு ஞாயிறு ராத்திரி காய்ச்சலில் படுத்திருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "இன்னும் ஒண்ணு போச்சுன்னா நான் எல்லாத்தையும் விட்டுடறேன்டி. என்னால முடியல."

மறுநாள் காலை காய்ச்சல் நூற்று மூன்று. சின்னவள்தான் நிறுத்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இருபத்துமூன்றை எடுத்தபோதே கை சொல்லிவிட்டது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே காய்ந்த விதை போலக் கடகடவென்றது.

இன்னும் ஒன்று போய்விட்டது.

சின்னவள் யோசித்து நின்றதெல்லாம் அரை நிமிஷம் இருக்கும். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அதே ஜாதி நத்தைகள் வெயிலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டியிருந்தன. அதே அளவில் ஒன்றைப் பெயர்த்தெடுத்து, துடைத்து, முதுகில் 23 என்று எழுதி, ஊதிக் காயவைத்து, அட்டைக் குழியில் வைத்தாள். நோட்டில் போன வாரத்து எடையையே எழுதினாள்: பதினொன்று புள்ளி நாலு. பழைய இருபத்துமூன்றைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவள் வாழ்நாளில் யாரும் சிரிக்காமல் போன ஒரே குறும்பு அதுதான்.

அடுத்த திங்கள் அக்கா நிறுத்தபோது பதின்மூன்று புள்ளி ஆறு வந்தது. அக்கா பின்னலைக் கடித்தாள். மறுபடி வைத்தாள். தராசைத் துடைத்து வைத்தாள், ஜன்னலைச் சாத்தி வைத்தாள். ஏழு தடவை வைத்தும் அதே பதின்மூன்று புள்ளி ஆறு. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அறையில், ஒன்பது மாதம் பட்டினி கிடந்த நத்தைக்கு இரண்டு கிராம் ஏறியிருக்கிறது! "அம்மா! காத்துலேர்ந்து தண்ணி குடிக்குதும்மா!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அக்கா அப்படிச் சிரித்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சின்னவள் வாயைத் திறந்துதான் நின்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

பதின்மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது மற்றவை எழ அரை நாள் ஆயிற்று. இருபத்துமூன்று நாலே நிமிஷத்தில் கொம்பை நீட்டிக்கொண்டு வெளியே வந்து, இலை எங்கே என்று பார்த்தது. கைடு சார் அதைப் படம் எடுத்துத் தன் அறைச் சுவரில் மாட்டினார். நல்ல மனுஷர், சந்தோஷத்தில் நிதானம் தவறியவர். "இனிமே இதாம்மா உன் ஆராய்ச்சி. மத்ததெல்லாம் தள்ளி வை. காஞ்சா எடை கொறையும்னு சொல்ல டாக்டர் பட்டம் எதுக்கு? பழைய பேப்பர்காரரே சொல்லுவார்." உள்ளூர்க் கருத்தரங்கில் பேசவைத்தார். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார்கள். ஒரே வரியில் பதில் வந்தது: மீண்டும் செய்து காட்டவும்.

மறுபடி வரட்டும். அக்காவின் மந்திரம் அக்காவுக்கே திரும்பி வந்தது.

இரண்டரை வருஷம். இருநூறு நத்தைகள். ஒன்றுகூட எடை ஏறவில்லை. அக்கா தராசை மாற்றினாள், அட்டையை மாற்றினாள், தன் மூச்சில் உள்ள ஈரம் பட்டிருக்குமோ என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டு நிறுத்தாள். கைடு, "நீ எதையோ தப்பா செய்யறே" என்றார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வலது கையை விரித்து வைத்துக்கொண்டு, கடன்காரனைப் பார்ப்பதுபோல முறைப்பாள். "இந்தக் கைதான் எங்கியோ தப்புப் பண்ணுது" என்பாள். நத்தையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. கண்ணாடித் தொட்டியில் இருபத்துமூன்று தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. அதன் நம்பர் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை ஓரமாக உதிர்ந்தது. மற்றவற்றுக்கு வருஷம் ஒன்றானாலும் நிற்கும். ஏன் என்று தெரியாமலே சின்னவள் மாதாமாதம் பூசிவந்தாள். 

பல்கலைக்கழகம் கொடுத்த கெடு போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கைடு ஒரு படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் 'காலநீட்டிப்பு / விலகல்' என்று அச்சடித்து, தேவையற்றதை அடிக்கவும் என்று போட்டிருந்தது. கீழே காரணம் எழுத நாலு வரி. "சரியான காரணம் இருந்தா ஒரு வருஷம் தருவாங்க. இல்லன்னா, இருபத்துமூணோட எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்த வாங்கிக்கோ. யாரு கேக்கப் போறா?" என்றாராம்.

"ரெண்டாவது தடவ வராதத நான் எப்படி சார் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அத்தோடு போனை அணைத்துத் துணி அலமாரியில் போட்டவள்தான். மூன்று நாளாகக் காரணம் எழுதிக்கொண்டிருந்தாள். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, சரிபார்த்து, பிறகுதான் மையால் எழுதுவாள். 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதி அழித்தாள். 'உடல்நிலை' என்று எழுதி அழித்தாள். ஒருமுறை 'எனக்குத் திறமை இல்லை' என்று எழுதியதைச் சின்னவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அதையும் அழித்தாள். அந்த இடத்தில் தாள் மெலிந்து, பின்னால் இருக்கும் மேஜை தெரிய ஆரம்பித்தது.

வெள்ளி மதியம் அப்பா சாப்பிட வந்தார்.  பாதிச் சாப்பாட்டில் அக்காவைப் பார்த்தார்.

"நீ எடுத்தேன் கவுத்தேன்னு எதையும் செய்யறவ இல்ல. விடறேன்னா விடு. நான் கேக்கமாட்டேன். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல."

"என்னப்பா?"

"எடை எப்படி ஏறிச்சு?"

"அதான்பா தெரியல. அது தெரிஞ்சா நான் ஏன் விடறேன்?"

அப்பா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "எங்க மேடையில வெறும் வண்டி திடீர்னு எடை கூடக் காட்டினா, தராசத் திட்டமாட்டோம். எறங்கிப் போயி மொதல்ல நம்பர் பிளேட்டத்தான் தட்டிப் பாப்போம். ஒண்ணு சரக்கு ஏறியிருக்கணும். இல்ல, வண்டி மாறியிருக்கணும்."

சின்னவளுக்குப் புரை ஏறியது. அம்மா தலையில் தட்டினாள்.

"நத்தைக்கு ஏதுப்பா நம்பர் பிளேட்டு" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

அப்பா வேலைக்குத் திரும்பினார். அம்மா தைத்த சீருடைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அக்கா பாத்திரம் கழுவப் போன நேரத்தில் சின்னவள் கூடத்து ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்தை நாற்பது நிமிஷம் பின்னால் தள்ளிவைத்தாள். அவள் போட்ட கணக்கு இது: அக்கா மூன்று மணிக்குப் புறப்படுவாள், பஸ்ஸில் அரை மணி, போய்ச் சேரும்போது பல்கலைக்கழக ஆபீஸ் ஜன்னல் மூடியிருக்கும். நடுவில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமைக்குள் உண்மையைச் சொல்லத் தைரியம் வந்துவிடும். கணக்கில் அவள் தேறாதவள் என்பதை முன்பே சொல்லியாகிவிட்டது.

அக்கா பின்னறையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். எதிரே முறத்தில், முதல் நாற்பதில் மிச்சமிருந்த பதினாலு நத்தைகள். பக்கத்தில் பஞ்சு, நெயில் பாலிஷ் அழிக்கிற ரிமூவர். மேஜையில் படிவம், அதன்மேல் பேனா.

"என்னக்கா பண்றே?"

"தொட்டிச் சுவத்துல விட்டுடப் போறேன். அதுக்கு முன்னால நம்பர அழிச்சுடணும். முதுகுல நம்பரோட அலையக் கூடாது பாவம்."

"அப்படியே விட்டா என்ன? அழகாத்தானே இருக்கு."

"ஜெயில்லேர்ந்து விடறப்ப சட்டைய மாத்தித்தான்டி அனுப்புவாங்க."

இரண்டாம் நம்பரை எடுத்தாள். சதையில் படாமல் ஓட்டின் மேல் மட்டும் பஞ்சால் தேய்த்தாள். மெரூன் நிறம் கரைந்து வந்தது. அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓடு பளபளப்புப் போய்ச் சொரசொரப்பாக இருந்தது.

"அது என்னக்கா தழும்பு?" என்றாள் சின்னவள்.

"உப்புத்தாளு. தேய்க்கலன்னா பாலிஷ் பிடிக்காது, உதுந்துடும். நம்பர் போடறதுக்கு முன்னால நாப்பதையும் டிபார்ட்மெண்ட்ல உக்காந்து நானே தேய்ச்சேன். அப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே."

சின்னவள் முறத்தின் பக்கம் குனிந்தாள். உதிர்ந்து உதிர்ந்து விழுந்த அந்த ஒரே நம்பரை முறத்தில் தேடினாள். ஓரத்தில் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

ஐந்து. ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தத் தழும்பு இருந்தது. அக்கா தன் வரிசையை எப்போதும் மாற்றமாட்டாள். ஒன்பது. பன்னிரண்டு.

"அக்கா, நீ போயி காரணத்த எழுது. இத நான் பாத்துக்கறேன்."

"காரணம் எழுதியாச்சு. 'சொந்தக் காரணங்கள்.' மையால எழுதறதுதான் பாக்கி." பதினாலு. "மூணு மணிக்குக் கெளம்பினா போதும். நாலுக்குள்ள குடுக்கலன்னா அவங்களே பேர அடிச்சுடுவாங்க. அப்பறம் ஏழு வருஷம் அங்க இருந்தேன்னு சொல்ல ஒரு துண்டுத் தாளுகூடக் கெடைக்காது."

"திங்கக்கிழம குடுத்தா?"

"திங்கக்கிழம நான் யாரோ, அவங்க யாரோ."

சின்னவளின் மூன்று நாள் தைரியம் கணக்கோடு சேர்ந்து போயிற்று. கூடத்தில் கடிகாரம் ஒன்றும் தெரியாததுபோல டிக் டிக் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பத்தொன்பது. இருபதும் முடிந்தது. அதன் பிறகு முறத்தில் இருந்தது இருபத்துமூன்று.

அவள் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள். "இது வேணாம்க்கா. இத நாம வச்சுக்கலாம். நானே வளக்கறேன்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா? இதனாலதான்டி எனக்குப் பைத்தியம் பிடிக்குது. குடு."

"அக்கா..."

"குடுடீ."

கொடுத்தாள். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எப்படிடா ஏத்தினே? என்கிட்டயாவது சொல்லிட்டுப் போயேன்" என்றாள். பிறகு பஞ்சை வைத்துத் தேய்த்தாள். மூன்று வருஷத்துப் பூச்சு, பொருக்குப் பொருக்காக வந்தது. இன்னும் தேய்த்தாள். நிறம் முழுதாகப் போயிற்று. அடியில் ஓடு பளபளவென்று இருந்தது. தழும்பு இல்லை.

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலால் தடவினாள். இருபதை எடுத்துத் தடவினாள். மறுபடி இதைத் தடவினாள். அவள் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் இல்லை.  

"வண்டி மாறியிருக்கு" என்றாள்.

சின்னவள் கதவு நிலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"எந்தத் திங்கக்கிழம?"

சின்னவளிடம் ஏழெட்டுப் பொய்கள் எப்போதும் தயாராக இருக்கும். அன்று ஒன்றுகூடக் கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை.

"உனக்குக் காய்ச்சல் வந்துச்சே. நூத்தி மூணு. அந்தத் திங்கக்கிழம. ஆட்டிப் பாத்தேன், கடகடன்னுச்சு. மொத நாள்தான் நீ சொன்னே, இன்னும் ஒண்ணு போச்சுன்னா..."

"நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு." அக்கா புதியதை முறத்தில் திரும்ப வைத்தாள். "பழசு எங்க? தூக்கிப் போட்டியா?"

ஜாமெட்ரி பெட்டி வந்தது. காம்பஸுக்கும் உடைந்த ஸ்கேலுக்கும் நடுவே பஞ்சில் பழைய இருபத்துமூன்று. அக்கா அதைக் காதருகே வைத்து ஆட்டினாள். நம்பரின் ஒரு ஓரத்தை மட்டும் துடைத்தாள். சொரசொரப்பு இருந்தது. பெரிய நோட்டைப் புரட்டி அந்தத் திங்கட்கிழமையைக் கண்டுபிடித்தாள். சின்னவளின் கோணல் கையெழுத்தில் பதினொன்று புள்ளி நாலு. அதிலிருந்து தொடங்கி இருபத்துமூன்றின் வரிசை முழுவதையும் அடியோடு ஒரு கோடு போட்டு அடித்தாள். மூன்று வருஷமாக விட்டுப்போயிருந்த அந்தச் சின்ன வட்டத்தைப் போட்டாள்.

அடிப்பாள் என்று சின்னவள் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா தன் வலது கையை விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டரை வருஷம்டி" என்றாள். "ரெண்டரை வருஷமா இந்தக் கையத் திட்டிட்டு இருந்தேன்."

பிறகு எழுந்தாள். மேஜையில் படிவத்தை இழுத்தாள். பென்சிலைத் தொடவில்லை. பேனாவை எடுத்து 'விலகல்' என்பதைக் குறுக்கே அடித்தாள். 'சொந்தக் காரணங்க'ளை அழித்துவிட்டு, மெலிந்த இடத்தை விட்டு ஒதுங்கி, நேராக மையால் எழுதினாள்: இருபத்துமூன்றாம் எண் மாதிரி ஒன்பதாம் மாதத்தில் மாறிவிட்டது. மாறியதற்குச் சான்று கைவசம் உள்ளது. மீதி முப்பத்தொன்பதின் அளவுகளைக் கொண்டு முடிக்க ஒரு வருஷம் தேவை. யார் மாற்றியது என்று எழுதவில்லை. நாலு வரியில் அதற்கு இடமும் இல்லை.

"மணி என்ன?"

சின்னவள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு முப்ப..."

"செவுத்துல இருக்கறத நான் கேக்கல. ஸ்டூல் மேல உன் கால் தடம் இருக்கு. நெஜ மணி என்ன?"

"மூணு பத்து."

அக்கா பழைய இருபத்துமூன்றைப் பைக்குள் போட்டாள். படிவத்தை உதட்டில் கவ்விக்கொண்டாள். புதியதை முறத்திலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் மூடிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி தெருவில் இறங்கி ஓடினாள்.